பேரன் வேலைக்குப் போய்த் திரும்பி வரும் வீடு

ஏப்ரல் 27, ஞாயிறு

இது எந்த வருசம் என்று பிறகு யாராவது கேட்டால்: பாப்பரசர் செத்த வருசம். நேற்றுத்தான் ரோமாபுரியில் அடக்கம். மேல்வீட்டு வெள்ளைக்கார அம்மா, சிஞ்ஞோரா, ரீவியைச் சத்தமாக வைத்துவிட்டு அழுதது படியெல்லாம் கேட்டது. எங்கள் வீட்டில் போன மாதம் பேரன் தனுசனுக்கு வருசம் முடிந்து ஆட்டைத் திவசம் கொடுத்தோம். பாப்பரசருக்கு எண்பத்தெட்டு வயது. என் பேரனுக்குப் பத்தொன்பது.

எனக்கு எழுதத் தெரியாது, வாசிக்கவும் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் போன் எழுதிக்கொள்கிறது. திகதியையும் அதுவே போடுகிறது. மறந்துவிடுவேன் என்று பயந்து இதைச் செய்யவில்லை. மறதி எனக்கு இந்த வயதிலும் வரமாட்டேன் என்கிறது. வீட்டில் கதைக்க ஆளில்லை, அவ்வளவுதான்.

மருமகள் சுதாஜினி இன்று பகல் முழுவதும் தனுசனின் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தாள். ஸ்கூட்டரில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்து உழைத்து அவன் வாங்கியது. அந்த ஸ்கூட்டரோடுதான் ரோட்டில் அடிபட்டுப் போனான். பிறகு கொம்பியூட்டரைத் துணி போட்டு மூடி வைத்திருந்தோம். போன கிழமை அவன் தங்கை தயானி துணியை எடுத்தாள். புது விளையாட்டு ஒன்று வந்திருக்கிறதாம். சுடுகிற விளையாட்டு இல்லை. மனிதரைச் செய்து, வீடு கட்டிக் குடிவைத்து, அவர்கள் சமைப்பதையும் படுப்பதையும் சண்டை பிடிப்பதையும் பார்த்துக்கொண்டிருக்கிற விளையாட்டு.

"இதிலை என்ன பிள்ளை சந்தோசம்?" என்று கேட்டேன்.

"எல்லாம் நாங்கள் சொன்னபடி நடக்கும் அப்பப்பா. என்ரை வகுப்பிலை ஒருத்தி கடற்கரையிலை மாளிகை கட்டி வைச்சிருக்கிறாள். இன்னொருத்தி எங்கடை கணக்கு ரீச்சரைச் செய்து, பள்ளிக்கூட வாசல் காக்கிறவருக்குக் கலியாணம் கட்டிக் குடுத்திட்டாள். மூண்டு பிள்ளையள்! எல்லாத்துக்கும் மீசை."

சிரித்தாள். நானும் சிரித்தேன். சத்தம் கேட்டுச் சுதாஜினி வந்து நின்றாள். அவள் சிரிக்கவில்லை.

"போட்டோ குடுத்தால் அந்த முகமே வருமோ?" என்று மட்டும் கேட்டாள்.

மே 1, வியாழன்

வருகிறது.

மூக்கும் கண்ணும் அவன்தான். நடைதான் யாரோ வெள்ளைக்காரன் நடை.

"மாமா, உங்களுக்குத்தான் எல்லாம் ஞாபகம். எப்பிடி நடப்பான், சொல்லுங்கோ."

சொன்னேன். இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும். குதியை இழுப்பான். வாசலில் குனியாமல் ஒரு காலால் மற்றச் சப்பாத்தைக் கழற்றுவான். சப்பாத்துக் கழற்றுவது அந்த விளையாட்டில் இல்லையாம். நடையை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, ஒன்றில் நிறுத்தினாள். அது அவன் நடை. நான் எழும்பி வெளியே போய், ஒரேத்தோ ரோட்டில் பஸ் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மே 4, ஞாயிறு

இவளுக்கு இதில் என்ன சந்தோசம் என்பதை இன்று கண்டேன். மாளிகை இல்லை, உடுப்பு இல்லை. அவனை வேலைக்கு அனுப்புகிறாள். கதவைத் திறந்து போகிறான். அவன் வரும்வரை வேறொன்றும் செய்யாமல் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

பின்னேரம் கதவு திறக்கிறது. வருகிறான்.

திரும்பவும் அனுப்புகிறாள். திரும்பவும் வருகிறான்.

மே 9

றோசமலர் வந்தாள். சுதாஜினியோடு ஒரே கட்டடத்தில் வேலை செய்கிறவள். சுதாஜினி ஒரு கிழவிக்குச் சமைத்துக் குளிப்பாட்டுகிறாள், இவள் வேறொரு கிழவிக்கு. வாயைத் திறந்தால் மூடமாட்டாள்.

"எடியே, உன்ரை சிஞ்ஞோரா மூண்டு நாளாய் உன்னைத் தேடுறா. கொம்பியூட்டருக்குள்ளை குடிபோயிட்டாள் எண்டு சொல்லட்டோ?"

"காய்ச்சல் எண்டு சொல்லுங்கோ அக்கா."

"சொல்லுவன். ஆனால் பொய் சொன்ன பாவம் உனக்கு, எனக்கில்லை."

வேலை இல்லாவிட்டால் இங்கே இருக்கிற விசாவை, பெர்மெஸ்ஸோவை, புதுப்பிக்க ஏலாது. அது எனக்கே தெரியும். அவளுக்குத் தெரியாதா?

மே 18, ஞாயிறு

இன்று பதினெட்டாம் திகதி. விளக்குக் கொளுத்தினோம். ஊரில் சண்டை முடிந்த அந்தக் கடைசிக் கிழமையில் என் மனுசி பவளராணியும், மகன் பிருந்தாபனும் ஒரு நாள் இடைவெளியில் போனார்கள். அவளுக்கு நான் மண்ணைப் போட்டேன். அவனுக்குப் போட மண்ணும் வாய்க்கவில்லை. தயானி அப்போது வயிற்றுக்குள்.

சுவரில் இருக்கும் பிருந்தாபனின் படம் கலியாணப் படத்திலிருந்து எடுத்தது. செத்தவர்களின் சுவரில் உயிரோடு இருக்கிறவரின் படத்தைக் கொழுவக்கூடாது. அதனால் சுதாஜினியின் பக்கத்தை வெட்டிவிட்டுச் சட்டம் போட்டோம். அவன் தோளில் அவளுடைய நாலு விரல் மட்டும் மிஞ்சிக் கிடக்கிறது.

அந்தப் படத்தைக் கழற்றிக்கொண்டுபோய்க் கொம்பியூட்டருக்குக் காட்டினாள். பிருந்தாபன் வந்தான். பிறகு பவளராணி. அவளுக்குப் படமே இல்லை. நான் சொல்லச் சொல்ல முகம் செய்தாள். நெற்றியைக் குறை. பல்லைக் கொஞ்சம் முன்னுக்கு எடு. கடைசியில் அவளேதான். குசினியில் நின்று எதையோ கிண்டினாள். பிறகு என்ன நினைத்தாளோ, முற்றத்துக்கு ஓடினாள்.

"இவள் இப்பிடி ஓடமாட்டாளே" என்றேன். "ஷெல் விழுந்தால்தான் ஓடுவாள்."

சுதாஜினி அவளுக்கு ஓட்டத்தை எடுத்துவிட்டாள்.

நானும் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். ஏன் பொய் சொல்ல? எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. தயானி பசியோடு வந்து, சோற்றுப் பானையைத் திறந்து பார்த்து மூடினதைக் கண்டும் நான் எழும்பவில்லை.

மே 21, புதன்

பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்தார்கள். தாய் போகவில்லை. நான் போனேன். ரீச்சர் நெடுநேரம் கதைத்தா. எனக்கு அந்தப் பாஷை கடைத்தெரு அளவுக்குத்தான் வரும்.

"என்னவாம் பிள்ளை?"

"நான் நல்லாப் படிக்கிறனாம் அப்பப்பா."

ரீச்சரின் கண் நனைந்திருந்தது. நல்லாய்ப் படிக்கிற பிள்ளைக்கு யாரும் அப்படிக் கண் கலங்குவதில்லை. திரும்பி வரும்போது பல்லரோச் சந்தையில் கத்தரிக்காய் வாங்கினேன். தயானியின் கை என் கைக்குள் குச்சி மாதிரி இருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போகாத நாட்களில் எங்கே போகிறாய் என்று கேட்டேன்.

"கடற்கரைக்கு. இருந்திட்டு வருவன்."

"ஆரோடை?"

"ஒருத்தரோடையும் இல்லை."

மே 25, ஞாயிறு

தயானி இன்று தாயிடம் கேட்டாள். மெதுவாகத்தான் கேட்டாள்.

"அம்மா, அங்கை நான் எங்கை?"

"நீ ஏன் அங்கை? நீ இஞ்சை இருக்கிறாய்தானே."

திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

ஜூன் 1, ஞாயிறு

இந்த வீட்டில் சுதாஜினியின் இப்படியொரு கத்தலை ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்த அன்று கேட்டேன். இன்று இரண்டாம் முறை.

ஓடிப்போய்ப் பார்த்தேன். அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசை. பவளராணி, பிருந்தாபன், தனுசன். நாலாவது கதிரையில் தயானி. அதே குட்டைத் தலைமயிர், அதே பச்சை மேற்சட்டை. தனுசன் என்னவோ சொல்ல, அவள் சிரிக்கிறாள்.

தாய் கடைக்குப் போன நேரம் பார்த்துத் தன்னைச் செய்து உள்ளே விட்டிருக்கிறாள்.

"செத்ததுகளின்ரை வீட்டுக்கை போய் இருக்கிறியோடி! என்ன வேலை பாத்தனீ! எடு! இப்பவே எடு!"

"நீங்களே எடுங்கோ."

"தயானி!"

"அங்கை இருந்தால்தானே என்னைப் பாக்கிறியள். இப்பத்தான் ஒரு வருசத்துக்குப் பிறகு என்ரை பேரைக் கூப்பிட்டனீங்கள். பஸ்தா, போதும், நான் அங்கையே இருக்கிறன்."

இப்படியும் ஒரு பிள்ளை கேட்குமா? கேட்கும்படி வைத்தது யார்? நானுந்தானே பக்கத்தில் இருந்து நெற்றியைக் குறை, பல்லை முன்னுக்கு எடு என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஜூன் 2

இன்று இவர்களுடைய நாட்டுக்கு விடுமுறை. தெருவெல்லாம் சனம். எங்கள் வீட்டில் சமையல் இல்லை.

சுதாஜினி கொம்பியூட்டருக்கு முன்னால் கையை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறாள். தயானியை அழிக்கிற இடத்தில் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைக்கிறாள். 'நிச்சயமா' என்று அது கேட்கிறதாம். கையை எடுத்துவிடுகிறாள்.

"என்ரை கையாலை எப்பிடி மாமா அழிக்கிறது? வயித்திலை கொண்டு ஓடின பிள்ளை. விட்டுவைச்சால் செத்ததுகளோடை விட்டதாய்ப் போகும்."

அழிக்காமல் வேறு வீட்டுக்கு அனுப்பவும் ஏலும் என்றாள் தயானி, கதவடியில் நின்றபடி.

"தனியவோ? ஒருத்தனைத் தனிய அனுப்பினது காணாதோ எனக்கு?"

ஒன்றும் செய்ய ஏலாமல் பகல் போய்விட்டது. அந்த வீட்டில் நாலு பேரும் சாப்பிட்டார்கள், கழுவினார்கள், படுத்தார்கள். இந்த வீட்டில் மூன்று பேரும் காய்ந்த பாண் ரொட்டியைத் தண்ணீரில் தோய்த்துத் தின்றோம்.

ஜூன் 3, செவ்வாய்

காலையில் என்னைக் கூப்பிட்டாள். முகம் கழுவித் தலை இழுத்திருந்தாள்.

"மாமா, இதிலை ஆக்களுக்கு வயசு ஏறும். நான்தான் முதல் நாளே ஏறாமல் நிப்பாட்டி வைச்சனான். அவன் பத்தொன்பதிலேயே இருக்கட்டும் எண்டு."

"இப்ப?"

"திறந்துவிடப் போறன். அதுகள் கிழடாகிப் போகட்டும். இவள் இருக்கட்டும்."

என் சம்மதத்தைக் கேட்கிறாள் என்று விளங்கியது. அங்கே என் மனுசி இருக்கிறாள். என் பிள்ளை இருக்கிறான். கிடைத்து இரண்டு கிழமை.

"ஓம்" என்றேன்.

தயானியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தினாள். பள்ளிக்கூடத்துக்குப் போ என்றும் சொல்லவில்லை. அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் திறந்துவிட்டாள்.

ஜூன் 5

பவளராணி போனாள். கட்டிலில். தலைமாட்டில் மகன். என்ரை மனுசி கட்டிலிலை செத்தாள்.

ஜூன் 8, ஞாயிறு

பிருந்தாபன் முழுக்க நரைத்துவிட்டான். முப்பத்திரண்டில் போனவன் இப்போது என்னைவிடக் கிழவன். கன்னம் ஒட்டினதும் என்னைப் பெத்த அப்புவின் முகம் வந்துவிட்டது. இந்த முகம் அவனுக்குள் இருந்தது எனக்குத் தெரியாது. இருந்திருந்தால் இப்படித்தான் இருந்திருப்பான்.

பின்னேரம் முற்றத்தில் நடந்துகொண்டிருந்தவன் அப்படியே இருந்து சரிந்தான். பிள்ளைகள் இரண்டு பேரும் ஓடி வந்தார்கள். கல்லு வைத்தார்கள். அழுதார்கள்.

சுதாஜினி கல்லைப் பார்த்தாள். "ஒரு இடம் வந்திட்டுது மாமா" என்றாள். பதினாறு வருசமாக அவனுக்கு ஒரு இடம் இல்லாமல் இருந்தது.

ஜூன் 10

சிஞ்ஞோரா வேறு ஆளை வைத்துவிட்டாவாம். றோசமலர் வாசலிலேயே நின்று சொன்னாள். பகிடி ஒன்றும் விடவில்லை. அரிசி ஒரு பை வைத்துவிட்டுப் போனாள்.

ஜூன் 14, சனி

தனுசனுக்கு நரை.

"அங்கை பாருங்கோ, மொட்டை விழுகுது! உங்கடை மொட்டை மாமா, அப்பிடியே உங்கடை!"

அவள் சிரிப்பதைக் கண்டு தயானி திடுக்கிட்டுவிட்டாள். பிறகு அவளும், "அண்ணாக்குத் தொப்பை, அம்மா. எவ்வளவு ஸ்டைல் விட்டவர்!" என்றாள். மூன்று பேரும் அவனைப் பார்த்துச் சிரித்தோம். மீசை வெள்ளை. கண்ணாடி போட்டிருக்கிறான். நடையில் இடது தோள் இன்னும் இறங்கித்தான் இருக்கிறது.

வேலைக்குப் போகிற வயது தாண்டிவிட்டதாம். இனி அவன் கதவைத் திறந்து போகமாட்டான். அவள் பார்த்திருக்கவும் தேவையில்லை.

ஜூன் 16

இண்டைக்கு. நாலு மணிபோலை. நான் இதுக்கு மேலை சொல்லேலாது.

ஜூன் 22, ஞாயிறு

இன்று சொல்லலாம்.

தனுசன் தங்கைக்குப் பக்கத்தில், கிழவனாகச் செத்தான். போன வருசம் ஆஸ்பத்திரியில் சுதாஜினியை நாலு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. இந்த முறை கத்தவில்லை. அவள் பிடித்த பிடியில் தயானியின் மணிக்கட்டு சிவந்துபோயிற்று. அவளும் கையை இழுக்கவில்லை. பிறகு, தயானிக்கு வயது ஏறாமல் தாய் மறுபடி நிறுத்தினாள். நிறுத்திவிட்டுக் கொம்பியூட்டரை அணைத்தாள். துணி போட்டு மூடவில்லை.

தயானியை இந்த வருசம் வகுப்பேற்றவில்லை. பள்ளிக்கூட வாசலில் பேர் ஒட்டியதைப் பார்க்கத் தாயும் மகளும் போய் வந்தார்கள். சுதாஜினி நாளைக்கு வியா மக்வேதாப் பக்கம் ஒரு ஹோட்டலில் படி துடைக்கிற வேலை கேட்கப் போகிறாள். கிடைக்குமோ தெரியாது. பெர்மெஸ்ஸோ என்னாகுமோ அதுவும் தெரியாது. வகுப்பில் தோற்றதற்கு மகளை நன்றாய் ஏசினாள். தயானி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கேட்டாள். கேட்டு முடித்து இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டாள்.

நான் இருந்து யோசிக்கிறேன். என் வாழ்க்கையில் எல்லாம் தலைகீழாய்த்தான் போயிற்று. மகனுக்கு அழ நான் இருந்தேன், பேரனுக்கும் நான் இருந்தேன். கொள்ளி வைக்க வேண்டியவர்களெல்லாம் முந்திப் போக, கொள்ளிக்குக் காத்திருந்த நான் மிஞ்சிக் கிடக்கிறேன். அந்த வீட்டில் மட்டும் முறைப்படி நடந்தது. முதலில் கிழவி. பிறகு மகன். பிறகு பேரன். ஒவ்வொருத்தருக்கும் அழ அடுத்தவர் ஒருவர் இருந்தார். என்னையும் ஆகமுதலில் அதற்குள் விட்டிருக்கலாம் என்று ஒரு கணம் ஆசை வந்தது. கேட்கவில்லை. கேட்டிருந்தால் சுதாஜினி கத்தியிருப்பாள்.

விளையாட்டுக்குள் நாலு கதிரை போட்ட அந்தப் பெரிய வீட்டில் இப்போது ஒரேயொரு ஆள்தான் உயிரோடு இருக்கிறாள். நரைத்த தலையோடு, பச்சை மேற்சட்டையோடு.

தயானி.