அரை மணிக்கு ஒருமுறை

பதிவு 61 | ஜூலை 19, 09.10

வடதுருவக் கடல், மூன்றாம் தீவு. நான் செல்வின், பறவைகளுக்கு வளையமிடும் குழுவின் கருவிப் பொறியாளர். மற்ற மூவரும் எதிர்க்கரை முகாமில். நேற்று பதினொரு கொசு உள்ளான்களின் காலில் வளையம் போட்டேன். குளிர்காலத்தில் இவை எங்கள் ஊர் உப்பளத்துக்கு வரும்.

பறவை பிடிக்கக் கம்பங்களுக்கிடையே விரித்த, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய வலையை அரை மணிக்கு ஒருமுறை நடந்துபோய்ப் பார்க்க வேண்டும் என்பது விதி. வெட்டி வேலை. வலையில் பறவை அசைந்தால் கம்பத்தில் பச்சை விளக்கு எரியும், கூடாரத்தில் மணி அடிக்கும். நானே செய்து மாட்டிய கருவி.

பதிவு 62 | 13.25

மணி அடிக்கவே இல்லை. சந்தேகப்பட்டுப் போனேன். குளிரில் பேட்டரி செத்திருந்தது. இரண்டு உள்ளான்கள் தலைகீழாகத் தொங்கின. ஒன்று விறைத்துவிட்டது. மற்றதை உள்ளங்கையில் வைத்திருந்தேன். கொஞ்ச நேரம்தான் மூச்சு இருந்தது.

குழுத் தலைவி மெர்லின் அக்கா, வயர்லெஸ்ஸில்: "பெல்லு அடிக்கும்னு குத்த வச்சுட்டு இருந்தியா? ஒனக்குக் காலு எதுக்குடே இருக்கு?"

வலையைச் சுருட்டிக் கட்டிவிட்டுத் திரும்புகிறேன்.

பதிவு 63 | 14.05

மாட்டிக்கொண்டேன். எதில் என்று தெரியவில்லை. வெறும் சமவெளி. நடக்கையில் நெஞ்சில் ஏதோ தட்டியது, மெல்ல விட்டுக்கொடுத்தது, பிறகு பைபோலத் தொங்கி என்னை வாங்கிக்கொண்டது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. கத்தியால் அறுத்தேன். கத்தி இப்போது காற்றில் நிற்கிறது. கால் தரையில் இல்லை. வலது கை மட்டும் என் வசம்.

பதிவு 64 | 15.40

வயர்லெஸ்ஸில் எல்லாவற்றையும் சொன்னேன். மெர்லின் அக்கா: "இழுக்காத மக்கா. எந்தப் பக்கமா உள்ள போனியோ அந்தப் பக்கமாத்தான் வெளிய வரணும். காலைத்தான் மொதல்ல எடுக்கணும். தெரியும்லா?"

தெரியும். எத்தனையோ பறவைகளை அப்படித்தான் எடுத்திருக்கிறேன். எந்தப் பறவையும் தன்னைத்தானே எடுத்துக்கொண்டதில்லை.

"மூடுபனி எறங்கிட்டு. தெளிஞ்சதும் போட்டுல வாறோம்."

வராதீங்க, நீங்களும் மாட்டுவீங்க என்றேன்.

"வாயப் பொத்து. வருவோம்."

பதிவு 65 | 18.30

மூடுபனிக்குள் இரு பக்கமும் கம்பம்போல ஏதோ தெரிகிறது. மிக உயரம். ஒன்றின் உச்சியில் சிறு விளக்கு. அசைந்தால் எரிகிறது, சும்மா இருந்தால் அணைகிறது. திரும்பத் திரும்பச் சோதித்தேன். சிரிப்பு வந்துவிட்டது. என் கருவி மாதிரியேதான்!

அப்படியானால் எங்கோ மணி அடிக்கிறது. யாரோ எழுந்து வருவார்கள். எடை பார்ப்பார்கள், வளையம் போடுவார்கள், விட்டுவிடுவார்கள். நாங்கள் அப்படித்தானே செய்கிறோம்.

பதிவு 66 | 23.50

வயர்லெஸ் போய்விட்டது. பனி தெளியவில்லை. இடது கை மரத்துவிட்டது. இங்கே இரவே கிடையாது, வெளிச்சத்துக்குக் குறைவில்லை. சூடுதான் இல்லை. அசைகிறேன். விளக்கு மங்கலாக எரிகிறது.

பதிவு 67

அசைகிறேன். எரியவில்லை.

மறுபடியும். இல்லை.

வலை விரித்தவரே, உங்கள் பேட்டரி செத்துவிட்டது. இனி மணி அடிக்காது. அதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். நடந்து வந்து பாருங்கள். அரை மணிக்கு ஒரு