பேப்பரில் வந்த பெயர்

மிசிசிப்பி,
அக்டோபர் 1963, புதன்கிழமை

சிகாகோவில் இருக்கும் அன்பு மகள் வெர்னீஸுக்கு அப்பா ஹோசியா எழுதுவது. உன் தங்கை ஓராவும் நானும் சுகம். உன் அம்மாவும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. எட்டு நாளாக அவள் ஜெயிலில் இருக்கிறாள்.

ஓட்டுக்குப் பதிவு செய்யப் போகாதே என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். கேட்டாளா? கோர்ட்டுக்குப் போய், அங்கே இருந்த அதிகாரி சட்டத்தில் ஒரு பத்தியைக் காட்டி அர்த்தம் கேட்டதற்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். பதிவு கேட்டவர்களின் பெயரை இரண்டு வாரம் பேப்பரில் போடுவார்கள், உனக்குத்தான் தெரியுமே. எந்தக் கறுப்பனை வேலையைவிட்டு விரட்டலாம், எந்த வீட்டைச் சுடலாம் என்று ஊர் வெள்ளைக்காரர்களுக்கு அறிவிப்பு. மற்றவர்கள் அந்தப் பேப்பரை ஒளித்து வைப்பார்கள். இவளோ, குளிருக்குச் சுவரில் பேப்பர் ஒட்டுவோமே, அதில் தன் பெயர் வாசலுக்கு நேரே தெரிகிற மாதிரி ஒட்டினாள்! பிறகு ஓட்டுரிமை கேட்டு நம் ஜனங்கள் போன ஊர்வலத்தில் முதல் வரிசையில் போனாள். போலீஸார் பிடித்து லாரியில் ஏற்றிவிட்டார்கள்.

திங்களன்று பண்ணைத் துரை ஹார்கிரேவ் வந்தார். சுவரைப் பார்த்தார். "ஹோசியா, உன் பொண்டாட்டிய பேரை வாபஸ் வாங்கச் சொல்லு. சனிக்கிழமைக்குள்ள வாங்கலேன்னா வீட்டைக் காலி பண்ணிடு. பருத்தியிலயும் உனக்குப் பங்கு கிடையாது" என்றார். இருபத்திரண்டு வருஷம் அவர் நிலத்தில் உழைத்தவன் நான். "சரிங்க ஐயா" என்றேன். என் வாயில் அதுதான் வந்தது.

நேற்று வாபஸ் தாளை எடுத்துக்கொண்டு ஜெயிலுக்குப் போனேன். உன் அம்மாவுக்கு ஒரு கண் வீங்கி மூடியிருக்கிறது. கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று அழுதேன், கெஞ்சினேன், வெர்னீஸ். அவள் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏங்க, வந்ததுதான் வந்தீங்க, கோர்ட்டு பக்கத்துலதானே இருக்கு? உங்க பேரையும் எழுதிட்டுப் போறது!" என்றாள். அந்த நிலையிலும் கேலி! வழியெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்ததும் தாளைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

வீடு போகட்டும். திங்கட்கிழமை நானும் போய் வரிசையில் நிற்கிறேன். பயமாகத்தான் இருக்கிறது, பொய் சொல்லவில்லை. வியாழக்கிழமை பேப்பரில் என் பெயர் வந்துவிடும். போன மாதம் நம் சபை டீக்கன் ரூஃபஸின் பெயர் வந்த மூன்றாம் நாள் அவர் வீட்டு ஜன்னலில் சுட்டார்கள்.

சனிக்கிழமை ஓராவை பஸ் ஏற்றுகிறேன். ஞாயிறன்று நீ அங்கே ஸ்டாண்டில் வந்து நில். அக்கா ஊரைப் பார்க்கப் போகிறேன் என்று குதிக்கிறாள், அவளிடம் நான் வேறெதுவும் சொல்லவில்லை.

மகளே, உன்னைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். அவளைப் படிக்க வை. இங்கிருந்து என்ன தந்தி வந்தாலும் நீ வராதே, அவளையும் அனுப்பாதே. எங்களைப் புதைக்க இங்கே ஆட்கள் இருக்கிறார்கள். கர்த்தர் உங்கள் இருவரையும் கண்போலக் காக்கட்டும்.

உன் அப்பா,
ஹோசியா