கடைசி பஸ் தெரிய வேண்டும்

உன் மேசை இழுப்பறையில் கிடந்த விரிசல் விட்ட போனை இன்று காலை சார்ஜில் போட்டேன். இனி எழாது என்றுதான் நினைத்தேன். கால் மணி நேரத்தில் சிணுங்கிக்கொண்டு விழித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, புள்ள.

நம் ஆபீசில் எல்லோரும் பெரிய திரையில் நாம் செய்த வெப்சைட்டைப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொள்வோம். நீ மட்டும் இந்தப் போனைத் தூக்கிக்கொண்டு திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு வெயிலில் போய் நிற்பாய். "ஏசி ரூம்ல ஒக்காந்து யாருடி பஸ் நேரம் பாக்குறா?" என்பாய். நான் சிரிப்பேன்; எனக்கு அவ்வளவு திமிர்.

நாம் செய்த பஸ் நேரப் பக்கத்தில் அந்தத் திமிர் அடங்கியது. சின்னத் திரையில் அட்டவணை வலப்பக்கம் பிதுங்கியது. எனக்கு வீட்டுக்குப் போகிற அவசரம். பிதுங்குவதை மறைத்துவிடு என்று, பக்கத்தின் அளவையும் அமைப்பையும் சொல்லும் சிஎஸ்எஸ்ஸில் ஒரு வரி எழுதிவிட்டேன். பக்கம் சமர்த்தாக அடங்கியது. மறைந்துபோன கட்டத்தில்தான் கடைசி பஸ் இருந்தது.

மறுநாள் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில், இடுப்பில் பிள்ளையோடு ஒரு அம்மா உன்னிடம் போனை நீட்டினார். "ஏனுங்க, தொப்பம்பட்டிப் பக்கம் இனி பஸ்ஸே இல்லீங்களா?" நீ அவர் கையைப் பிடித்து ஓடி, கிளம்பிய கடைசி பஸ்ஸை நிறுத்தி ஏற்றிவிட்டு வந்தாய். வந்ததும் என்னைத் திட்டிய திட்டு தெரு வரைக்கும் கேட்டிருக்கும்.

"மறைக்காதடி. எது பிதுங்குதுன்னு கண்டுபிடி. எல்லாக் கட்டத்துக்கும் செவப்பு அவுட்லைன் போடு, சும்மா சுத்தி ஒரு கோடு. பார்டர் போட்டா கட்டத்தோட அளவே மாறிரும்."

போட்டேன். ஊர்ப்பெயர்க் கட்டம் எல்லையைத் தாண்டி நின்றது. அகலத்தை நான்தான் கறாராக எழுதி வைத்திருந்தேன். "கட்டம் அடுக்குற கிரிட்ல குறைஞ்சது இம்புட்டு அகலம்னு மட்டும் சொல்லு. எடம் பத்தலேன்னா அதுவே கீழ எறங்கிக்கும்" என்றாய். பழைய பிரவுசரில் எது ஓடும், எது ஓடாது என்று சொல்லும் தளம் உன் திரையில் எப்போதும் திறந்தே கிடக்கும். அதையும் பார்த்த பிறகுதான் என்னை வீட்டுக்கு விட்டாய்.

அப்புறம் மூன்றே நாள் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பவில்லை. உன்மேல் அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

இன்று அதே பக்கத்தைப் புதுசாக்குகிறோம். மேலே ஒரு பெரிய படம் வேண்டும் என்றார்கள், வைத்தேன். பக்கம் மறுபடி பிதுங்கியது. முதலாளி பின்னால் வந்து நின்றார். "அஞ்சு மணிக்கு லைவ் போகணும்மா. மறைச்சு விடு, அப்புறம் பாத்துக்கலாம்." என் விரல் அந்தப் பழைய வரியைப் பாதி அடித்தேவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், பாதிதான்.

அழித்தேன். "மறைக்க மாட்டேன் சார். லேட்டானா என்னையத் திட்டுங்க" என்றேன். சிவப்புக் கோடு போட்டதும் படம் மாட்டிக்கொண்டது. அதன் அகலம் திரையைத் தாண்டக் கூடாது என்று எழுதி முடித்தபோது மணி ஐந்தைத் தாண்டிவிட்டது. அவர் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு, "இப்பவாவது போடலாமா?" என்றார்.

"செத்த நேரம் சார். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டு வாரேன்."

இன்னும் லைவ் போகாத பக்கத்தைச் சோதனை லிங்க்கில் உன் போனில் திறந்துகொண்டு பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன். மேற்கு வெயில் நேராகத் திரையில் அடிக்கிறது. விரிசலுக்கு நடுவே விரலால் தள்ளித் தள்ளிக் கீழே வரை பார்த்துவிட்டேன்.

கடைசி பஸ் தெரியுதுடி.