கல்யாண வீட்டில் நிறுத்திய ஊசி

அத்தை,

இன்று கேம்ப் ரோடு அழகு நிலையத்தில், பக்கத்து நாற்காலிப் பெண்ணுக்கு நகப்பூச்சைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாடை வந்ததும் எழுந்து வெளியே வந்துவிட்டேன். ஒரு நாள் என் மூச்சிலேயே அடித்த வாடை அது. கண்டுபிடித்தவர் நீங்கள்.

பள்ளி நாளிலிருந்தே எனக்கு சுகர். இன்சுலின் ஊசி போட்டால்தான் உயிர். பெண் பார்க்க வந்தபோது உங்கள் மகனிடம் மட்டும் சொன்னோம். "அம்மாகிட்ட நானே மெதுவா சொல்றேன்" என்றவர், கல்யாணமாகியும் சொல்லவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. குளியலறையைத் தாழிட்டுக்கொண்டு போட்டுக்கொள்வேன்.

அப்போதுதான் உங்கள் மகளின் கல்யாணம் வந்தது. உங்கள் மகன் வெளியூர் வேலையிலிருந்து முகூர்த்தத்துக்குத்தான் வருவதாக இருந்தது. சேலையூர் வீடு முழுக்க விருந்தாளிகள், குளியலறை வாசலில் எப்போதும் யாராவது. ஊசியைத் தள்ளிப்போட்டு, கடைசியில் நிறுத்தியேவிட்டேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் தாகம். சொம்பு சொம்பாகக் குடித்தேன். குடித்ததெல்லாம் உடனே சிறுநீராகப் போனது. மறுநாள் வயிற்றைப் பிசைந்துகொண்டு வாந்தி.

உங்கள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. "முழுகாம கீறா போல!" என்று கூடத்துக்கே கேட்கும்படி சொன்னீர்கள். யாரோ என் வாயில் சர்க்கரையை அள்ளிப் போட்டார்கள். இல்லையென்று சொல்ல வாய் வரவில்லை. விழுங்கினேன்.

சாயங்காலம் தலை துவண்டது. மாடி ஏறி ஓடி வந்தவள்போல் மூச்சு இழுத்து இழுத்து வாங்கியது. நீங்கள் குனிந்து முகர்ந்தீர்கள். "இன்னாமா இது, நெயில் பாலிஷ் அழிக்கிற வாடை வருது? இது மசக்கை இல்ல. வண்டிய எடுங்கடா!"

ஆஸ்பத்திரியில் டாக்டர், "சுகர் இருக்கா?" என்றார்.

"இல்ல சார், சின்னப் பொண்ணு" என்று முந்திக்கொண்டீர்கள்.

"இருக்கு அத்தை. ஊசி போடல."

சொல்லும்போது உங்களைப் பார்க்கவில்லை, கட்டில் கம்பியைப் பார்த்தேன். இன்சுலின் இல்லாமல் உடம்பு கொழுப்பை எரித்து, ரத்தத்தில் அமிலம் ஏறிவிட்டது என்றார் டாக்டர். விட்டிருந்தால் நினைவே தப்பியிருக்குமாம்.

நான் தெளிந்தபோது முகூர்த்தம் முடிந்திருந்தது. பட்டுப் புடவையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள். திட்டவில்லை. "என்னிய இன்னான்னு நெனச்சிக்கினு இருந்த நீ?" என்று மட்டும் கேட்டீர்கள்.

நான் உண்டாகியிருப்பதாக நம்பி மண்டபத்தில் வாழ்த்துச் சொன்னவர்களிடமெல்லாம், "அவளுக்கு சுகர். நான்தான் தெரியாம உளறிட்டேன்" என்று நீங்களே சொன்னீர்களாம். என் வெட்கத்தை உங்கள் தலையில் போட்டுக்கொண்டு, மகள் கல்யாணத்தில் ஒவ்வொருவர் முன்னாலும் நின்றிருக்கிறீர்கள். நாத்தனார் பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

போன மாதம் உங்கள் காரியத்தன்று, பந்தியில் உட்காரும் முன் எல்லோர் எதிரிலும் பையைத் திறந்து ஊசி போட்டுக்கொண்டேன். உங்கள் சொந்தக்கார அம்மா ஒருவர், "ஐயோ, எத்தன வருஷமா?" என்று கேட்டார். சொன்னேன். முகம் சுட்டது. அப்படியே இலை முன்னால் உட்கார்ந்தேன்.