பட்டு உடுத்து வரச் சொன்னது நான்தான்

கிரெய்கிபர்ன்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகள் மிருணாளினிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் இருக்கிறோம், சுகம் என்றே வைத்துக்கொள். சிட்னியில் நீ நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டுமென்று போன வெள்ளி கேரம் டவுன்ஸ் கோயிலில் உன் பெயருக்கு அர்ச்சனை செய்தோம். அப்பாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை, டொக்டர் நடக்கச் சொல்கிறார், இவர் டிவிக்கு முன்னாலிருந்து அசைகிறாரில்லை. போனில் கதைத்தால் கோபத்தில் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவாய், எனக்குப் பதில் வராது, அதனால்தான் எழுதுகிறேன்.

படகில் அகதியாக வந்த சுஜீதனையும் மனைவி லக்சிகாவையும் உனக்குத் தெரியும். பன்னிரண்டு வருடமாகத் தற்காலிக விசா, அடுத்த மாதம் பதினெட்டாம் திகதி வழக்கு, தோற்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எங்கள் தமிழ்ச் சங்கத்தின் மூலம் அவருக்குச் சட்டத்தரணி வைத்துத் தந்தது ஒரு பணக்காரக் குடும்பத்தின் அறக்கட்டளை. போன மாதம் அவர்கள் எங்களை நேரில் பார்க்கச் சங்க மண்டபத்துக்கு வருகிறோம் என்றார்கள். விருந்தாளி வந்தால் எப்படி நிற்பது என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டுமா? எல்லோரும் பட்டு உடுத்து, பூ வைத்து வாருங்கள் என்று சொன்னது நான்தான். லக்சிகா கலியாணப் பட்டைக் கட்டி, பக்கத்து வீட்டு ராகவியின் சங்கிலியை இரவல் வாங்கிப் போட்டு வந்தாள். வடை, பாயாசம் எல்லாம் செய்தோம். வந்த மூன்று வெள்ளைக்காரரும் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். பிறகு கடிதம் வருகிறது, இந்தச் சமூகம் வசதியாக இருப்பதாகத் தெரிகிறது, உதவியை வேறிடத்துக்கு மாற்ற யோசிக்கிறோம் என்று.

நீ மேடை மேடையாகக் கேட்பது இதைத்தானே. கொடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் மேசையில் ஏன் வெள்ளைக்காரரே இருக்கிறார்கள், அந்தச் சொத்து எந்த ஆதிக்குடிகளிடம் பறித்த காணியிலிருந்து வந்தது, வாங்குகிறவர் ஏன் குனிந்து நிற்க வேண்டும் என்று. கொடுக்கிறவர்களைக் குறை சொல்லாதே பிள்ளை என்று உன்னோடு எத்தனை தரம் சண்டை பிடித்தேன். இப்போதுதான் விளங்குகிறது, விளங்கி என்ன செய்ய? நீ பேசப்போகிற அடுத்த கூட்டத்தில் அந்த அறக்கட்டளையின் பெயரைச் சொல்லப்போவதாக அப்பாவிடம் சொன்னாயாம். சொன்னால் சுஜீதனுக்குச் சட்டத்தரணி இல்லை. சொல்லாவிட்டால் இன்னொரு மண்டபத்தில் இன்னொருத்தியையும் இப்படித்தான் மேலும் கீழும் பார்ப்பார்கள். இரண்டும் தெரிந்துதான் கேட்கிறேன், பதினெட்டு கழியும்வரை பேசாமலிரு. உன்னை நான் அப்படி வளர்க்கவில்லை, அதுவும் எனக்குத் தெரியும்.

அப்பா கெஞ்சி ஈமெயில் போட்டதில், வருகிற சனிக்கிழமை திரும்பவும் வந்து பார்க்கச் சம்மதித்திருக்கிறார்கள். பழைய உடுப்போடு வாருங்கள், நகை வேண்டாம் என்று எல்லோருக்கும் நானே போன் எடுத்துச் சொன்னேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. மற்றவர்கள் ஓம் அன்ரி என்று வைத்துவிட்டார்கள். லக்சிகா மட்டும், அப்ப தாலிக்கொடியையும் கழட்டிப்போட்டு வாறதோ அன்ரி என்று கேட்டாள். தடித்த கொடி, தூரத்திலேயே தெரியும். பகிடிக்குக் கேட்கவில்லை பிள்ளை. பிறகு போன் எடுக்கிறேன் என்று வைத்துவிட்டேன். இன்னும் எடுக்கவில்லை.

கடவுள் உனக்கு நல்ல சுகத்தையும் நீண்ட ஆயுளையும் தரட்டும். குளிர் தொடங்கிவிட்டது, காதை மூடிக்கொண்டு வெளியே போ. பதினெட்டாம் திகதியை மறக்காதே. சனிக்கிழமைக்கு முன் லக்சிகாவுக்கு நான் என்ன சொல்ல, உனக்குத் தெரிந்தால் சொல்லு.

இப்படிக்கு,
உன் அம்மா
யோகா