கத்திரி முடிந்த மறுநாள்

என் வாயாடி மல்லிகாவுக்கு,

நாத்தனாருக்கு எந்த அண்ணியாவது கடிதம் எழுதுவாளா என்று, நீ இருந்தால் இந்நேரம் தெருவையே கூட்டியிருப்பாய். கூட்டிக்கொள். உன்னோடு ஒரே வீட்டில் இருந்து குழாயடியில் சண்டை போட்டவள் நான். ஒரே கம்பெனியில் பக்கத்து மேஜையில் நின்று சட்டைகளை அயர்ன் செய்தவள். உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்?

முதலில் வீட்டுச் செய்தி. உன் அண்ணனுக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது, முன்கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது. நீ போனபோது ஆறாவது படித்துக்கொண்டிருந்த உன் மகள் தேவி, பிளஸ் டூ முடித்துவிட்டு டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போகிறாள். போன ஐப்பசியில் நம் கள்ளிக்குப்பத்தில் ஒரு மழை பெய்தது பார், மாதம் முழுக்கப் பெய்ய வேண்டியதை ஒரே நாளில் கொட்டிவிட்டுப் போனது. வீட்டுக்குள் கட்டில் கால் முழுகிவிட்டது. கார்த்திகையில் ஒரு தூறல்கூட இல்லை. கோடை வந்ததும் அதே தெருவில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றோம். முன்பெல்லாம் இப்படியா பெய்யும்? வெயிலுக்கும் மழைக்கும் நம்மேல் என்ன கோபமோ தெரியவில்லை.

நீ போன வருஷத்துக் கத்திரியை நான் மறக்கவில்லை. தலைக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, கையில் நீராவி கக்கும் அயர்ன். கத்திரி பிறந்தால் நம் செக்ஷனுக்குப் பெரிய பானையில் மோரும் ஒரு பெடஸ்டல் ஃபேனும் வரும். மத்தியானத்தில் கொஞ்ச நேரம் வேப்பமரத்தடியில் உட்கார விடுவார்கள். காலண்டரில் கத்திரி முடிந்த மறுநாள் பானையும் போகும், ஃபேனும் போகும், நிழலும் போகும். ஏன் என்று நம்மில் ஒருத்தியும் கேட்டதில்லை. நமக்கும் அதுதானே நியாயமாகப் பட்டது?

"அக்னி நட்சத்திரம் முடிவு" என்று போட்டிருந்த தாளைச் சந்தோஷமாகக் கிழித்தவள் நீதான். மறுநாள் காலையில், கத்திரி முழுக்கக் கழுத்தில் போட்டிருந்த ஈரத்துண்டைக் கொடியிலேயே விட்டுவிட்டுக் கிளம்பினாய். "இன்னாம்மா, துண்டு வேணாவா?" என்று உன் அண்ணன் கேட்டார்.

"கத்திரிதான் பூட்ச்சேண்ணா, இன்னும் எதுக்கு இத்த சுத்திகினு? அல்லாரும் குளிக்கப் போறியான்னு கேக்குறாளுங்க" என்றாய்.

அன்று வெயில்கூடச் சுள்ளென்று அடிக்கவில்லை மல்லிகா. மூட்டம் போட்டுப் புழுங்கியது. மத்தியானத்துக்கு மேல் வர வேண்டிய கடல்காற்று அம்பத்தூர் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. வியர்வை வழிந்ததே தவிர காயவே இல்லை. கப்பலுக்குப் போக வேண்டிய சட்டைகள் மேஜை மேஜையாகக் குவிந்து கிடந்தன, யாரும் தலை நிமிரவில்லை.

திடீரென்று, "அண்ணி, குளுருது" என்றாய்.

"குளுருதா? ஊட்டில கீறோம்னு நெனப்பாடி உனக்கு?" என்றேன். செக்ஷனே சிரித்தது. கொஞ்ச நேரம் கழித்து என் முகத்தைப் பார்த்து, "யம்மா, பால் வாங்கினு வந்துட்டியா?" என்று கேட்டாய். அதற்கும் சிரித்தோம். விடிந்து எழுந்தால் யாரையாவது கலாய்க்கிறவள் நீ, எங்களுக்கு என்ன தெரியும்? நீ மேஜையைப் பிடித்தபடி சரிந்தபோது உன் கையைப் பிடித்தேன். கை கொதித்தது. உடம்பில் ஒரு பொட்டு வியர்வை இல்லை.

ஆட்டோவில் என் மடியில்தான் கிடந்தாய். ஆஸ்பத்திரியில் ஐஸ் கட்டியெல்லாம் வைத்துப் பார்த்தார்கள். விளக்கு வைக்கிற நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

சாவுக்கு வந்தவர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? "கத்திரி முடிஞ்சப்பறம் எவனாச்சும் வெயில்ல சாவானா? பிரஷரா இருக்கும்." கம்பெனியிலும் அதையே சொன்னார்கள். நாங்களும் சொல்லிச் சொல்லி நம்பிவிட்டோம், தேவியிடமும் அப்படியே சொல்லி வளர்த்தோம். அம்மாவின் நோய் தனக்கும் வந்துவிடும் என்று பயந்து, அந்தப் பெண் இத்தனை வருஷமாக உப்பில்லாமல் சோறு தின்றிருக்கிறாள். நாக்கு செத்த பெண் என்று நான் திட்டிக்கொண்டிருந்தேன். பாவி, எனக்கு எப்படித் தோன்றாமல் போனது?

இந்தக் கோடையில் ஒரு நாள் பேப்பரை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "அத்த, பூமியே சூடாயிகினு வருதாம். கரி, பெட்ரோல் எல்லாம் எரிக்கிற புகை போர்வ மாதிரி மூடிகினு சூட்ட வெளிய உடமாட்டேங்குதாம். காத்து சூடாச்சுன்னா தண்ணிய நெறைய புடிச்சி வெச்சிக்குமாம். அதான் பெஞ்சா மொத்தமா கொட்டுது. வெயில் நாளும் நீண்டுகினே போவும்னு போட்டுக்கீது."

"அப்ப உங்கம்மா போன அன்னிக்கி அடிச்ச புழுக்கமும் அதாலதானாடி?"

"ஒரு நாள வெச்சி அப்டி சொல்ல முடியாதாம் அத்த. ஆனா அந்த மாதிரி நாளு இனிமே அடிக்கடி வருமாம்." பேப்பரை மடித்தாள். பிறகு கேட்டாள், "வேர்வ நின்னு போயி, சூட்டுலயும் குளுருதுன்னு ஆளு தடுமாறி பேசுனா அது வெயில் அடிச்சதுன்னு போட்டுக்கீது. அம்மாவுக்கு வேர்வ இருந்துச்சா?"

இல்லை என்றேன். தேவி எழுந்து போய்த் தட்டில் சோறு போட்டுக்கொண்டாள், மேலே உப்பைத் தூவிப் பிசைந்து அழுதுகொண்டே தின்றாள்.

இந்த வருஷமும் கத்திரி முடிந்தது. மறுநாளே பானையைத் தூக்க ஆள் வந்தான். புழுக்கம் அன்றைக்குப் போலவே இருந்தது. நான் அயர்னை நிறுத்திவிட்டுப் போய்ப் பானையின் வாயைக் கையால் பிடித்துக்கொண்டேன். சூப்பர்வைசர் வந்தார்.

"இன்னாம்மா, காலண்டர் பாக்கலியா? கத்திரி முடிஞ்சி போச்சு."

"வெயிலுக்குக் காலண்டர் பாக்கத் தெரியாது சார்."

"வெயில் போவலன்னு உனக்கு யாரு சொன்னா?"

"எங்க மல்லிகா சொன்னா சார். இதே மேஜையாண்ட நின்னு சொன்னா. நாங்கதான் சிரிச்சிட்டோம்."

அவர் என்னையே பார்த்தார். பக்கத்து மேஜைக்காரி அயர்னை நிறுத்தினாள். அடுத்தவளும் நிறுத்தினாள். நீராவிச் சத்தம் முழுக்க அடங்கிய பிறகு அவர், "சரி சரி, மழ வர்ற வரைக்கும் இருக்கட்டும், வேலையப் பாருங்க" என்று போய்விட்டார்.

அன்று மத்தியானம் வேப்பமரத்தடியில் சின்னப் பெண்கள் மோர் டம்ளரோடு கும்மாளம் போட்டார்கள். நான் என் டம்ளரைக் கீழே வைத்தேன். இவ்வளவுதானா மல்லிகா? ஒரு பானை மோர், ஒரு ஃபேன், கொஞ்சம் நிழல். வாயைத் திறந்து கேட்டால் கிடைக்கக்கூடியதுதானா இது? அன்றைக்கே நாம் கேட்டிருக்கக் கூடாதா?

புகையை நிறுத்த என்னால் ஆகாது. பெய்கிற மழையை நிதானமாகப் பெய் என்று சொல்லவும் முடியாது. ஆனால் என் பக்கத்து மேஜையில் இனி எவள் வந்து நின்றாலும், எந்த மாதமாக இருந்தாலும், அவள் குளிர்கிறது என்று சொன்னால் நான் சிரிக்க மாட்டேன். இது சத்தியம்.

சண்டைக்கு ஆளில்லாமல் தவிக்கிற,
உன் அண்ணி