முன் சீட்டில் உடைந்த முட்டைகள்

என்னங்க,

மகளையும் குழந்தையையும் இன்னைக்கு டிஸ்சார்ஜ் பண்றாங்க. நான் பஸ்ல ஆஸ்பத்திரிக்குப் போறேன். பத்து மணிக்குக் காரை எடுத்துட்டு வாங்க. சாவி ஃபிரிட்ஜ் மேல.

ரெண்டே ரெண்டு ஷாக் அப்சார்பர் மாத்திட்டு, ‘இனி தொட்டில் மாதிரி போகும்’னு நேத்து அளந்தீங்களே, நான் நம்பல. காலையில முன் சீட்டுல ஒரு கிண்ணம், பின் சீட்டுல ஒரு கிண்ணம், ஆறாறு முட்டை வச்சு, ஸ்பீடு பிரேக்கர் ரோட்டுல ஒரு சுத்து சுத்தினேன். முன்னாடி நாலு போச்சு. பின்னாடி ஒண்ணுகூட உடையல.

பச்சை உடம்புக்காரி உக்கார்ற பின் பக்கம் புதுசைப் போட்டிருக்கீங்க. வாயைத் திறந்து சொல்லியிருந்தா ‘அரைகுறை வேலை’ன்னு கத்தியிருப்பேனா?

உடைஞ்சதை ஆம்லெட் போட்டுச் சாப்பிட்டுட்டுக் கிளம்புங்க.

பி.கு: திரும்பி வரும்போது முன் சீட்டு எனக்குத்தான். குலுங்கினா உங்க தோளைப் பிடிச்சுக்கறேன்.